விபத்துக்குப் பின் அணு உலையின் குளிர்விப்பு நீரில் மாதிரி எடுத்து ஆராய்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

1979 மார்ச் 28 அதிகாலை 4 மணிக்கு, அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தின் 2ஆம் உலை நின்றது. ஒரு நிவாரண வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டதால் குளிர்விப்பு நீர் மணிக்கணக்கில் வெளியேறிக்கொண்டிருந்தது. கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்களுக்கு அது தெரியவில்லை. அந்தக் குழப்பத்துக்கு நடுவில் நீரில் மாதிரி எடுத்து, நியூட்ரான்களை உறிஞ்சி உலையை நிறுத்தி வைக்க நீரில் போரிக் அமிலமாகக் கலந்திருக்கும் போரானை அளந்தார்கள். இருக்க வேண்டியதைவிடக் குறைவாக வந்தது. அதே நேரத்தில் நியூட்ரான் எண்ணிக்கையும் ஏறியது. நின்ற உலை மறுபடி தானாக ஓடத் தொடங்குகிறதோ என்ற பயம் வந்து, அவசரமாகப் போரான் ஏற்றினார்கள்.

நடந்தது வேறு. உலைக்குள் நீர் கொதித்துக்கொண்டிருந்தது. நீர் கொதித்தால் போரிக் அமிலம் பெரும்பாலும் நீரிலேயே தங்கிவிடும். மேலே போகும் நீராவியில் போரான் மிகக் குறைவு. அந்த நீராவி குளிர்ந்து கலந்த நீர்தான் மாதிரிக்கு வந்து சேர்ந்தது. நியூட்ரான் எண்ணிக்கை ஏறியதற்கும் இதே கொதிப்புதான் காரணம்: வழக்கமாக நியூட்ரான்களைத் தடுத்து நிற்கும் நீரில் குமிழ்கள் நிறைந்துவிட்டதால், உலைக்கு வெளியே இருந்த கருவிக்கு அதிக நியூட்ரான்கள் எட்டின. ஆய்வகம் தந்த எண்ணில் பிழை இல்லை. அந்த நீர் உலையின் எந்தப் பகுதியிலிருந்து வந்தது என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை.

விபத்துக்குப் பிந்தைய மாதிரி ஆய்வில் முதலில் மனதில் பதிய வேண்டியது இதுதான். எடுத்த இடத்தையும் நேரத்தையும் விட்டுவிட்டால் எந்த அளவீட்டுக்கும் பொருள் இல்லை. கீழே உள்ள ஒவ்வொரு படியையும் அந்தக் கண்ணோட்டத்திலேயே எழுதியிருக்கிறேன். நீரைக் கொதிக்கவிடாமல் உயர் அழுத்தத்தில் சுற்றவிடும் அழுத்த நீர் உலையை வைத்து விளக்குகிறேன். விதிகள் அமெரிக்க விதிகள், ஏனென்றால் இந்தத் துறைக்கு எழுத்து வடிவம் கிடைத்தது அங்கேதான். அணுசக்தித் துறையில் படிப்பவர்களுக்கும், வேதியியல் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும் இது அடிப்படையை விளக்கும். அவரவர் நிலையத்தின் நடைமுறை ஆவணம் சொல்வதுதான் வேலைக்கு இறுதி.

விதி எப்படி வந்தது

அந்த விபத்தின் மறுநாள் மாலை எடுத்த மாதிரிதான், எரிபொருள் பெருமளவில் சேதமடைந்திருக்கிறது என்பதை வேதியியல் வழியாகக் காட்டியது. அதற்குக் கொடுத்த விலை அதிகம். மாதிரி எடுத்தவருக்கு அன்றைய காலாண்டு வரம்பான 3 ரெம்முக்கு (ரெம் என்பது உடலில் படும் கதிர்வீச்சின் அலகு) மேல் கதிர்வீச்சு பட்டது. சாதாரண நாளில் பயன்படும் குழாயும் கண்ணாடிக் குடுவையும் தவிர அவரிடம் வேறு ஏற்பாடு இல்லை.

அதனால் அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் 1980 நவம்பரில் வெளியிட்ட நூரெக்-0737 ஆவணத்தில் இதற்கென்று தனிப் பிரிவு வந்தது. மாதிரி எடுக்க முடிவு செய்த நேரத்திலிருந்து 3 மணி நேரத்துக்குள் எடுத்து ஆராய்ந்து முடிக்க வேண்டும் என்றது அது. எடுப்பவருக்கு உடல் முழுவதற்கும் 5 ரெம், கை கால்களுக்கு 75 ரெம் என்ற வரம்பைத் தாண்டக் கூடாது என்றது. ஒரு கிராம் நீரில் கதிரியக்கம் 1 மைக்ரோகியூரி முதல் 10 கியூரி வரை எவ்வளவு இருந்தாலும் அளக்கத் தெரிந்திருக்க வேண்டியிருந்தது. கீழ் எல்லைக்கும் மேல் எல்லைக்கும் ஒரு கோடி மடங்கு வித்தியாசம். ஒரே கருவியால் இதைச் சமாளிக்க முடியாது.

படி 1: எந்த முடிவுக்காக மாதிரி?

மாதிரி எடுப்பதற்கு முன் கேள்வியை எழுதிக்கொள்ளுங்கள். உலை உறுதியாக நின்றிருக்கிறதா என்றால் போரான் வேண்டும். எரிபொருள் எவ்வளவு சேதம் என்றால், எந்தெந்தக் கதிரியக்கத் தனிமம் எவ்வளவு என்று காட்டும் காமா நிறமாலை வேண்டும். எஃகுக் குழாய்கள் அரிக்குமா என்றால் குளோரைடும் ஆக்சிஜனும் வேண்டும். கேள்வி இல்லாமல் "எதற்கும் ஒன்று எடுத்து வைப்போம்" என்று ஒருவரைக் கதிர்வீச்சுக்குள் அனுப்புவதை என்னால் ஏற்க முடியாது.

பல கேள்விகளுக்குக் கருவிகளே முந்திப் பதில் சொல்லிவிடும். உலை மையத்தின் மேல் உள்ள வெப்ப இணைகள் (வெப்பநிலை அளக்கும் கருவிகள்) 650 டிகிரி செல்சியஸ் அளவைத் தொட்டால், எரிபொருள் நீருக்கு வெளியே நிற்கிறது என்று அர்த்தம். உலையைச் சூழ்ந்த தடுப்புக் கட்டடமான கன்டெய்ன்மென்ட்டுக்குள் இருக்கும் கதிர்வீச்சு மானிட்டர், எவ்வளவு கதிரியக்கம் வெளியேறியது என்பதை நிமிடங்களில் காட்டும். இந்தக் காரணத்தால்தான் 2000ஆம் ஆண்டில், மாதிரி எடுப்பதற்கென்று நூரெக்-0737 கேட்ட தனி அமைப்பை உரிம நிபந்தனையிலிருந்து நீக்கிக்கொள்ள நிலையங்களை ஆணையம் அனுமதித்தது. ஆனால் முழுதாகக் கைவிடச் சொல்லவில்லை. உலை நீர், கன்டெய்ன்மென்ட்டின் அடிக்குழியான சம்ப்பில் சேரும் நீர், கன்டெய்ன்மென்ட் காற்று ஆகிய மூன்றிலும் அதிகக் கதிரியக்கமுள்ள மாதிரியை எடுத்து ஆராய ஒரு மாற்றுத் திட்டம் கையில் இருக்க வேண்டும் என்றது.

அந்த முடிவு சரி என்றே நினைக்கிறேன். முதல் சில மணி நேரத்தில் மாதிரிக்காகக் காத்திருக்கக் கூடாது. ஆனால் நாள்கள் வாரங்களாகும்போது, நீரின் வேதியியல் என்ன என்பதைச் சொல்ல மாதிரியை விட்டால் வேறு வழி கிடையாது.

படி 2: எங்கிருந்து எடுப்பது

சாதாரண நாளில் சூடான குழாயிலிருந்து, அதாவது உலையிலிருந்து நீராவி ஆக்கிக்குப் போகும் பாதையிலிருந்து எடுப்பார்கள். அங்கே சுமார் 155 பார் அழுத்தமும் 320 டிகிரிக்கு மேல் வெப்பமும் இருக்கும். பம்புகள் ஓடிக்கொண்டிருந்தால் நீர் நன்றாகக் கலந்திருக்கும். எங்கே எடுத்தாலும் ஒன்றுதான்.

விபத்தில் பம்புகள் நின்றிருக்கலாம். அப்போது ஒரு குழாயில் இருப்பது அடுத்த குழாயில் இருக்காது. குழாய் உடைந்து நீர் கொட்டிய விபத்து என்றால், கன்டெய்ன்மென்ட்டின் அடியில் உள்ள சம்ப்பில் சேர்ந்த நீரைத்தான் பம்புகள் திரும்ப உலைக்குள் அனுப்பும். அப்போது எஞ்சிய வெப்பத்தை அகற்றும் சுற்றிலிருந்து எடுப்பதே சரி. உலைக்குள் சுற்றிவரும் நீரும் அதுதான்.

இதிலும் ஒரு கண்ணி உண்டு. உலைக்குள் நீர் நீண்ட நேரம் கொதித்துக்கொண்டே இருந்தால் போரிக் அமிலம் மையத்தில் அடர்ந்துகொண்டே போகும், சம்ப்பில் குறையும். சம்ப் மாதிரி குறைவாகக் காட்டும்போது உலை மையத்தில் அது படிகமாகும் அளவுக்குச் சேர்ந்திருக்கவும் கூடும். ஆகவே மாதிரிச் சீட்டில் எடுத்த இடம், நேரம் இவற்றோடு அப்போது எந்தப் பம்பு ஓடியது, எந்த வால்வு திறந்திருந்தது, அழுத்தமும் வெப்பமும் எவ்வளவு என்பதையும் எழுத வேண்டும். இந்த நான்கு வரி இல்லாத சீட்டை ஆய்வகம் வாங்கக் கூடாது.

படி 3: போகும் முன் டோஸ் கணக்கு

காமா கதிருக்கு ஒரு பழைய தோராயச் சூத்திரம் உண்டு. கியூரி அளவை, ஒரு சிதைவில் வரும் மொத்தக் காமா ஆற்றலால் பெருக்கி, அதை 6 ஆல் பெருக்கினால், ஓர் அடி தூரத்தில் மணிக்கு எத்தனை ராண்ட்ஜன் என்று கிடைக்கும். ஆற்றலை மில்லியன் எலக்ட்ரான் வோல்ட்டில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

மேல் எல்லையான 10 கியூரியை எடுத்துக்கொள்வோம். வெறும் 1 மில்லிலிட்டர் நீர். சராசரி ஆற்றல் 0.7 என்றால், 6 × 10 × 0.7 = 42. காமாவுக்கு ராண்ட்ஜனும் ரெம்மும் ஏறக்குறைய ஒன்று என்பதால், ஓர் அடி தூரத்தில் மணிக்கு 40 ரெம்முக்குச் சற்று மேல். 5 ரெம் வரம்பு ஏழே நிமிடத்தில் தீர்ந்துவிடும். அதே நீர் 100 மில்லிலிட்டர் என்றால் மணிக்கு 4,000 ரெம்முக்கு மேல். நான்கைந்து நொடிகூடத் தாங்காது.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவருக்கு, ஏன் மாதிரிப் பலகையை (மாதிரி பிடிக்கும் குழாய்களும் வால்வுகளும் உள்ள அமைப்பு) ஈயச் சுவருக்குப் பின்னால் வைத்து வால்வுகளைத் தொலைவிலிருந்து இயக்குகிறார்கள் என்று தனியாக விளக்க வேண்டியதில்லை. ஆனால் பலகைக்கு முன் நிற்கும் நேரத்தை மட்டும் கணக்கிட்டால் போதாது. போகும் வழியில் விபத்து நீர் ஓடும் குழாய்கள் இருக்கும். தூக்கிக்கொண்டு ஆய்வகம் போகும் நேரம், அங்கே பிரிக்கும் நேரம் எல்லாம் சேர வேண்டும். வெறும் தண்ணீரை வைத்து, முழு உடுப்பும் சுவாசக் கருவியும் போட்டுக்கொண்டு, கடிகாரம் பிடித்து ஒத்திகை பார்த்தால்தான் உண்மையான நேரம் தெரியும். கையுறை மாட்டிய கையால் ஒரு சிறு மூடியைத் திருக எவ்வளவு நேரமாகும் என்பது காகிதத்தில் தெரியாது.

படி 4: குழாயைக் கழுவி நீரைப் பிடிப்பது

விபத்துச் சமிக்ஞை வந்ததும் கன்டெய்ன்மென்ட்டைத் துளைத்து வெளியே வரும் குழாய்களின் வால்வுகள் தானாக மூடிக்கொள்ளும். மாதிரிக் குழாயும் அதில் அடக்கம். அதைத் திறக்கக் கட்டுப்பாட்டு அறையின் அனுமதி வேண்டும். திறந்ததும் குழாயில் தேங்கியிருக்கும் பழைய நீரை வெளியேற்ற வேண்டும். குழாயின் கொள்ளளவைப்போல மூன்று மடங்காவது ஓடவிடுவது வழக்கம். நீர் குளிர்விப்பான் வழியாக வந்து, வெப்பம் இறங்கிய பிறகே பலகையை எட்டும்.

கழுவிய நீர் எங்கே போகிறது என்பதை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். திரீ மைல் ஐலண்டில் கதிரியக்கம் வெளியே வந்ததில், உலை நீரைத் துணைக் கட்டடத்துக்குக் கொண்டுவந்த குழாய்களுக்குப் பங்கு உண்டு. கழுவிய நீரும் மிச்ச மாதிரியும் கன்டெய்ன்மென்ட்டுக்கே திரும்பிப் போக வேண்டும், சாதாரண வடிகாலுக்கு அல்ல. குழாய் உடைந்தால் உலை நீர் கொட்டாதபடி ஓட்டத்தைக் குறுக்கும் துளைத்தட்டும் தேவை. அறைக் காற்று கரி வடிகட்டி வழியாகத்தான் வெளியே போக வேண்டும்.

இன்னொன்று, அயோடினும் சீசியமும் குழாய்ச் சுவரில் ஒட்டும். நீளமான, மெதுவாக ஓடும் குழாயில் வந்த நீரில் உண்மையைவிடக் குறைவாகத்தான் காட்டும். குட்டையான குழாய், நல்ல ஓட்டம், முடிந்தவரை குறைந்த வளைவுகள். வடிவமைப்பின்போதே இதைப் பார்த்துவிட வேண்டும். விபத்துக்குப் பிறகு எதையும் மாற்ற முடியாது.

படி 5: கரைந்த வாயுவைப் பிரிப்பது

அழுத்தத்தோடு பிடித்த மாதிரியை இரு பக்க வால்வுள்ள சிறு எஃகுக் கலத்தில் அடைத்து, காற்று நீக்கிய இன்னொரு கலத்தோடு இணைத்துத் திறந்தால் கரைந்திருந்த வாயு பிரிந்து வெளியே வரும். அதை மூடிய சிரிஞ்சால் எடுத்து வாயு நிறப்பிரிகை கருவிக்குக் கொடுப்பார்கள். ஹைட்ரஜனை அளக்கும்போது ஆர்கானைத் தாங்கு வாயுவாக வைப்பது நல்லது. வெப்பம் கடத்துவதில் ஹைட்ரஜனுக்கும் ஆர்கானுக்கும் பெரிய வித்தியாசம் இருப்பதால் சிறிய அளவும் தெளிவாகத் தெரியும்.

ஹைட்ரஜன் ஏன் முக்கியம்? எரிபொருள் உறையில் உள்ள சிர்கோனியம் சூடேறி நீராவியோடு வினைபுரிந்தால் ஹைட்ரஜன் வரும். ஒரு கிலோ சிர்கோனியம் முழுதாக வினைபுரிந்தால் சுமார் 44 கிராம், இயல்பு நிலையில் கிட்டத்தட்ட அரை கன மீட்டர். 1979இல் அந்த வாயு கன்டெய்ன்மென்ட்டுக்குள் சேர்ந்து, அன்று மதியம் 1.50 மணிக்கு எரிந்து, அழுத்தம் 28 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 28 பவுண்டு) வரை எகிறியது. அடுத்த சில நாள்கள், உலைக் கலத்தின் உச்சியில் இருந்த ஹைட்ரஜன் குமிழியில் ஆக்சிஜன் சேர்ந்து வெடிக்குமோ என்று நாடே பதறியது. நீரில் ஹைட்ரஜன் மிகுந்திருந்தால், கதிர்வீச்சால் பிரியும் ஆக்சிஜன் உடனே அதோடு சேர்ந்து நீராகிவிடும், குமிழியில் தேங்க வழியில்லை. சரியான ஒரு கரைந்த வாயு அளவீடும் அதைப் புரிந்த ஒரு வேதியியலாளரும் முதல் நாளே பேசியிருந்தால் அந்தப் பதற்றத்தில் பெரும்பகுதி இருந்திருக்காது என்பது என் எண்ணம்.

படி 6: நீர்க்கச் செய்வதும் அதன் விலையும்

மாதிரியை 1,000 மடங்கு நீர்க்கச் செய்தால், மேலே கணக்கிட்ட மணிக்கு 40 ரெம் என்பது 40 மில்லிரெம்மாக இறங்கும். காமா அளவீட்டுக்கு இது போதும், பாதுகாப்பும் கூட.

குளோரைடுக்கு இது உதவாது. உலை நீரில் வழக்கமான குளோரைடு வரம்பு பத்து லட்சத்தில் 0.15 பங்கு. அதை ஆயிரம் மடங்கு நீர்த்தால், எந்த அயனி நிறப்பிரிகைக் கருவியிலும் தூய நீரின் பின்னணியோடு கலந்து காணாமல் போகும். எனவே குளோரைடுக்கு நீர்க்காத மாதிரியே வேண்டும். அவசரம் குறைவு என்பதால் விதியும் தளர்வு தந்தது: கடல் நீரோ உவர் நீரோ பயன்படுத்தும் நிலையத்துக்கு 24 மணி நேரம், பெரும்பாலான மற்றவற்றுக்கு 4 நாள். அதற்குள் குறை ஆயுள் கதிரியக்கம் நிறையத் தணிந்திருக்கும். கதிர்த்தடுப்பு அறையுள்ள வெளி ஆய்வகத்துக்கும் அனுப்பலாம். கடல் நீருக்கு ஏன் தனிக் கவனம் என்றால், கண்டென்சரிலோ வெப்பமாற்றியிலோ ஒரு குழாய் ஒழுகினாலும் குளோரைடு உள்ளே வரும். சூடான துருப்பிடிக்காத எஃகில் குளோரைடும் ஆக்சிஜனும் சேர்ந்தால் விரிசல் விடும். கூடங்குளத்தில் ஓடுவதும் போரிக் அமிலம் கலந்த அழுத்த நீர் உலை, கண்டென்சருக்குக் கடல் நீர். எனவே வேதியியல் தர்க்கம் அங்கும் இதுவேதான். கல்பாக்கத்தின் கனநீர் உலைகளில் கணக்கு மாறும்: அங்கே குளிர்விக்கும் நீரில் போரான் இல்லை, டிரிட்டியம் (கதிரியக்க ஹைட்ரஜன்) கூடுதல் கவலை.

படி 7: போரானும் பிஎச்சும்

போரிக் அமிலம் மிக மென்மையான அமிலம். நேரடியாகக் காரத்தால் தரம் பார்த்தால் முடிவுப் புள்ளி தெளிவாக வராது. மானிட்டால் என்ற சர்க்கரை ஆல்கஹாலைச் சேர்த்தால் அது போரானோடு இணைந்து அமிலத்தன்மையைக் கூட்டும். அப்புறம் சோடியம் ஹைட்ராக்சைடால் சுலபமாகத் தரம் பார்க்கலாம். மிக நீர்த்த மாதிரியில் இந்த முறை தடுமாறும். அப்போது பிளாஸ்மா உமிழ்வு நிறமாலைக் கருவியோ நிறமறி முறையோ கைகொடுக்கும். திரும்பவும் சொல்கிறேன், போரான் எண் எதிர்பாராததாக இருந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது மாதிரி வந்த இடத்தை.

பிஎச் அளவு சம்ப் நீரில்தான் உண்மையில் பயன்படும். 7க்கு மேல் வைத்திருந்தால் அயோடின் கரைந்த அயனியாகவே நீரில் தங்கும். அமிலமானால் ஆவியாகும் வடிவத்துக்கு மாறிக் காற்றில் ஏறும்.

படி 8: காமா நிறமாலை

நீர்த்த மாதிரியிலும் எண்ணிக்கை அதிகம் என்றால் காமா கதிரை எண்ணும் ஜெர்மானியம் டிடெக்டர் திணறும். அதனால் தூரத்தைக் கூட்டியோ, ஈயத் தட்டில் சிறு துளையிட்டு அதன் வழியாகப் பார்த்தோ, டெட் டைமை (ஒரு கதிரைப் பதிவு செய்யும்போது அடுத்ததை எண்ண முடியாத நேரம்) பத்து சதவீதத்துக்குள் கொண்டுவர வேண்டும். அந்தத் தூரத்துக்கும் துளைக்கும் முன்பே அளவுத்திருத்தம் செய்து வைத்திருப்பது அவசியம்.

தேட வேண்டியவை: செனான்-133 (81 கிலோ எலக்ட்ரான் வோல்ட்), அயோடின்-131 (364), அயோடின்-133 (530), சீசியம்-137 (662), சீசியம்-134 (605, 796), லாந்தனம்-140 (1,596). மூடி திறந்திருந்த குப்பியிலிருந்து செனான் பறந்துபோயிருக்கும். அந்தக் குறைவை உலையின் குறைவு என்று எழுதிவிடாதீர்கள்.

கருவியின் மென்பொருள் பெயர் சொன்னதும் நம்பிவிடவும் கூடாது. 2011 மார்ச் 27 அன்று ஃபுகுஷிமா தாயிச்சியின் 2ஆம் உலையில், டர்பைன் கட்டட அடித்தளத்தில் தேங்கிய நீரில் சாதாரண உலை நீரைப்போல ஒரு கோடி மடங்கு கதிரியக்கம் என்று நிலையத்தை நடத்திய டெப்கோ நிறுவனம் அறிவித்தது. காரணமாகச் சொன்னது அயோடின்-134. அன்றிரவே அது தவறு என்று திரும்பப் பெற்றது. அயோடின்-134 இன் அரை ஆயுள், அதாவது சிதைந்து பாதியாகும் நேரம், சுமார் 52 நிமிடம். உலைகள் நின்று 16 நாள், அதாவது 400க்கும் மேற்பட்ட அரை ஆயுள்கள். ஒரு அணுகூட மிஞ்சியிருக்க வழியில்லை. ஒரு தாளில் ஒரே வகுத்தல் போட்டிருந்தால் அந்த அறிவிப்பு வெளியே போயிருக்காது. ஒவ்வொரு முகட்டுக்கும் அரை ஆயுளைப் போட்டுப் பார்ப்பதை நடைமுறையிலேயே எழுதி வையுங்கள்.

படி 9: எண்ணைச் சேதமாக மாற்றுவது

முதலில் எல்லா அளவையும் உலை நின்ற நேரத்துக்குத் திருத்த வேண்டும். உதாரணமாக, நின்று 24 மணி நேரம் கழித்து அயோடின்-133, அயோடின்-131 இரண்டும் சம அளவில் அளக்கப்பட்டன என்று வைப்போம், விகிதம் 1. அயோடின்-133 இன் அரை ஆயுள் 20.8 மணி, எனவே 2.23 ஆல் பெருக்க வேண்டும். அயோடின்-131 இன் அரை ஆயுள் 8 நாள், எனவே 1.09. திருத்திய விகிதம் சுமார் 2.

இந்த 2 பெரிய செய்தி. எரிபொருள் வில்லைக்கு உள்ளே இருக்கும் விகிதம் ஏறக்குறைய இதுதான். வில்லைக்கும் உறைக்கும் நடுவில் உள்ள இடைவெளியில் இருப்பது சுமார் 0.7, ஏனென்றால் மெதுவாக ஊர்ந்து வரும் வழியிலேயே குறை ஆயுள் அயோடின் சிதைந்துவிடுகிறது. ஆகவே 0.7 பக்கம் வந்தால் உறை மட்டும் கிழிந்திருக்கிறது. 2 பக்கம் வந்தால் வில்லையே சூடேறி உள்ளிருந்ததை வெளியே விட்டிருக்கிறது. அதோடு பேரியம், லாந்தனம், ஸ்ட்ரான்ஷியம் கணிசமாகத் தென்பட்டால் உருகல் வரை யோசிக்க வேண்டும்.

அடுத்து அளவு. 3,000 மெகாவாட் வெப்பத் திறனுள்ள உலையில் அயோடின்-131 மட்டும் சுமார் 8 கோடி கியூரி. உலைச் சுற்றில் 250 டன் நீர் என்று கொள்வோம். கிராமுக்கு 16,000 மைக்ரோகியூரி வந்தால் மொத்தம் 40 லட்சம் கியூரி, அதாவது 5 சதவீதம். ஆனால் அவசரக் குளிர்விப்பில் இன்னும் 1,000 டன் நீர் கலந்திருந்தால் அதே வெளியீடு வெறும் 3,200 என்றுதான் காட்டும். எவ்வளவு நீரில் கலந்தது என்று தெரியாமல் சதவீதம் சொல்லவே கூடாது. விடை இரண்டு மடங்கு துல்லியத்தில் வந்தாலே நல்ல வேலை. தசமப் புள்ளிக்குப் பின் எண்கள் எழுதுவது வீண்.

கீழ்ப் பக்கத்துக்கு ஓர் அடையாளக் கோடு உண்டு: எல்லா அயோடினையும் அயோடின்-131 ஆக மாற்றிக் கணக்கிட்ட சமான அளவில் கிராமுக்கு 300 மைக்ரோகியூரி. உலை நிற்கும்போதோ அழுத்தம் மாறும்போதோ, ஏற்கெனவே ஓட்டை உள்ள சில எரிபொருள் குச்சிகளிலிருந்து அயோடின் திடீரென்று வெளியேறி ஏறுவது சகஜம். 300 அதற்கெல்லாம் மிக மேலே. அதைத் தாண்டினால் உறை சேதம் உறுதி என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

படி 10: மறுபடி எடுங்கள்

ஒரே ஒரு மாதிரியை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். சில மணி நேரம் கழித்து அதே இடத்தில், முடிந்தால் வேறோர் இடத்திலும் எடுத்து, வெப்ப இணைகளும் கன்டெய்ன்மென்ட் மானிட்டரும் ஹைட்ரஜன் மானிட்டரும் சொல்வதோடு வைத்துப் பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் நீர் கலக்கவில்லை, அல்லது ஒரு கருவி பொய் சொல்கிறது. நீர்க்காத மாதிரியில் கொஞ்சத்தைப் பெயர், நேரம், இடம் எழுதி ஈயக் கலத்தில் பத்திரப்படுத்துங்கள். ஸ்ட்ரான்ஷியம், யுரேனியம், புளூட்டோனியம் போன்றவற்றை மெதுவாகப் பிரித்து ஆராய அது பின்னால் தேவைப்படும்.

இந்தத் தேவை மாதங்கள் கழிந்தும் தொடரும். 2011 நவம்பர் தொடக்கத்தில் ஃபுகுஷிமா 2ஆம் உலையின் வாயு மாதிரியில் செனான்-133, செனான்-135 இரண்டின் தடயமும் தென்பட்டது. செனான்-135 இன் அரை ஆயுள் சுமார் 9 மணி நேரம்தான். அப்படியானால் அணுப்பிளவு அங்கே அண்மையில் நடந்திருக்கிறது. முன்னெச்சரிக்கையாகப் போரிக் அமிலக் கரைசல் செலுத்தினார்கள். அதற்குப் பிறகும் செனான் தென்பட்டது. தொடர்வினை ஓடியிருந்தால் செனான் அளவு அதைவிட மிக அதிகமாக இருந்திருக்கும். வெப்பமும் அழுத்தமும்கூட அசையவில்லை. எரிபொருளில் உள்ள கியூரியம் தானாகப் பிளப்பதே காரணம் என்று முடிவுக்கு வந்தார்கள்.